மஞ்சப்பையில் போன கோயில் மணி

நானூறு கிலோ வெண்கல மணியை மஞ்சப்பைக்குள் போட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆத்தூர் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போன மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் கஸ்பார். இதைச் சொன்னது யார் என்று கேட்டால், அவரும் கஸ்பார்தான். கண்டக்டர் லக்கேஜ் போடவில்லையாம். பக்கத்து சீட்டுக்காரம்மா, "பைக்குள்ள என்னண்ணே, தக்காளியா?" என்று கேட்டதாம். "இல்லம்மா, கோயில் மணி" என்றதும் எழுந்து டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டதாம்.

நடந்தது தொண்ணூற்றொன்பதாம் வருஷம், நவம்பர் மாதம்.

கஸ்பார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கத் தெரியாத காது அவருக்கு. மைக் செட் வாடகைக்கு விடும் ஆசாத்தின் கடைக்குப் பேச்சுத் துணைக்குப் போனவர், கலைந்துபோன ஓர் ஆர்கெஸ்ட்ராவின் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே அந்தப் பெட்டியைக் கண்டார். இரண்டு சோப்பு டப்பாவைச் சேர்த்து ஒட்டிய அளவு. முன்னால் சுண்டுவிரலுக்கே இடம் பத்தாத குட்டிக் கட்டைகள். மேலே நாலு திருகு, தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பச்சைத் திரை. ஓசைகளைச் செயற்கையாக உண்டாக்கும் சின்தசைசர். அதிலும் எஃப்.எம். வகை; ரேடியோ அல்ல, ஓர் ஓசையை இன்னோர் ஓசையால் உலுக்கும் ரகம்.

"உள்ளே ரெண்டு ஓசை இருக்கு ஆசாத்து" என்றார் கஸ்பார் ஒரே வாரத்தில். "ஒருத்தன் பாடுறான். இன்னொருத்தன் அவன் தோளைப் பிடிச்சு உலுக்குறான். அவ்வளவுதான் சங்கதி. உலுக்குற வேகம் பாடுறவன் வேகத்துக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு கணக்கா இருந்தா குழல் மாதிரி இனிக்கும். கணக்குல சேராம ஒண்ணே காலுக்கும் ஒண்ணரைக்கும் நடுவுல நின்னுச்சுன்னா, தாம்பாளம், வெங்கலப் பானை, மணி."

"அண்ணே, எனக்கு ஆம்ப்ளிஃபயரே போதும்" என்றார் ஆசாத்.

பெட்டி கஸ்பாரின் வீட்டுக்குப் போனது. அடுத்த ஆறு மாதம் அங்கே ஓசைகள் பிறந்தன. ஒருநாள் பிறந்த ஓசையில் திண்டுக்கல் மலைக்கோட்டைக் காக்கைகள் அத்தனையும் குடும்பத்தோடு பழனிக்குக் குடிபோயின. இன்னொரு நாள் ஓசையில் எதிர்வீட்டு அம்மிக்கல் தானாக அரைத்தது. அவர் மனைவி ஆனந்தமேரி இதையெல்லாம் பார்க்கவில்லை. "உங்க சத்தத்துல பால் திரிஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னார். அது நிஜம்.

ஆனந்தமேரியின் அண்ணன் அருள்நாதனுக்கு ஆத்தூரைத் தாண்டிய ஒரு சின்ன ஊரில் கோயில்பிள்ளை வேலை. பூசைக்குச் சாமான் எடுத்து வைப்பது, மணி அடிப்பது. முப்பத்தொரு வருஷமாக ஒரு கொடியேற்றம் தவறாமல் மணிக்கயிறு பிடித்த கை என்று தன் கையைத் தானே தடவிக்கொள்வார். அந்த வருஷம் சவேரியார் திருவிழாவுக்குச் சரியாக இருபது நாள் இருக்கும்போது மணி கீறிவிட்டது. கும்பகோணத்துக்கு வார்க்கப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றுக்கு முன்னால் அருள்நாதன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"கிறிஸ்துமஸுக்குத்தான் தருவானாம் மாப்ள. மணி இல்லாம எங்க ஊர்ல கொடி ஏறுனதே கிடையாது. தண்டவாளத் துண்டைக் கட்டித் தட்டிக்கலாம்னு கமிட்டியில சொல்லிட்டாங்க. கொடியேத்தமா, பள்ளிக்கூடம் விடுறதா?"

"கவலைய விடு மச்சான். வெள்ளிக்கிழமை கொடியேத்தத்துக்கு மணியோட வாரேன்."

"எதுல, லாரியிலயா?"

"மஞ்சப்பையில."

அருள்நாதன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "மாப்ள, நீ காக்கா பழனிக்குப் போன கதை சொன்ன, கேட்டுக்கிட்டேன். அம்மி அரைச்ச கதை சொன்ன, அதையும் கேட்டுக்கிட்டேன். இது கோயில் விசயம். அந்தப் பெட்டிச் சத்தம் எனக்கு மணின்னு படலைன்னா, அன்னையிலேருந்து நீ ஆயுசுக்கும் ஒரு கதை சொல்லப்படாது. 'ஆமா', 'இல்ல', ரெண்டே வார்த்தை. சம்மதமா?"

 கஸ்பார் சோறு இல்லாமல் இருந்துவிடுவார். கதை இல்லாமல் காலை ஆறு மணிக்கு டீக்கடையில் என்ன செய்வது?

"சம்மதம்" என்றார்.

வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்த ஆனந்தமேரி கரண்டியோடு சிலுவை போட்டுக்கொண்டார். "சவேரியாரே, எங்க அண்ணன்தான் ஜெயிக்கணும்."

வியாழக்கிழமை காலையே கஸ்பார் பையோடு போய் இறங்கினார். கூட வந்த ஆசாத் கோபுரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டினார். அருள்நாதன் மூன்று நாள் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்ததால் தடுப்பதற்கு ஆள் இல்லை. கஸ்பார் ஒரு கட்டையை அழுத்தினார். டாங்... ஓசை ஊருக்கு வெளியே இருக்கும் அணைக்கட்டு வரை போய்த் தேய்ந்து அடங்கும்வரை கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மறுபடி ஒன்று. மறுபடி அடங்கும்வரை காத்து, மறுபடி ஒன்று.

ஓசை தேய்வதைச் சரிபார்க்க அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்த ஊரில் ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு அடித்தால் அது துக்க மணி. ஊரில் நோயாய்க் கிடந்தது ஒரே ஆள். கும்பகோணம் போன மணி எப்படி அடிக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் மண்கையோடு ஓடினார்கள். பூக்காரப் பழனியம்மாள் கட்டிக்கொண்டிருந்த சரத்தை அப்படியே சுருட்டிக்கொண்டு, "எய்யா அருளு, போயிட்டியே!" என்று வாசலில் விழுந்து புரண்டார். அருள்நாதன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷத்தில் கோயிலுக்கு வந்தார், கழுத்தில் மாலையும் பின்னால் முந்நூறு பேருமாக. (கஸ்பாரின் கணக்கில் மூவாயிரம்.)

"ஏலே மாப்ள! உயிரோட இருக்கவனுக்கு மாலை போட வச்சிட்டியே!"

"மச்சான், ஊரே நம்பி அழுதுச்சுல்ல? அப்ப அது மணிதானே?"

"பதறி ஓடியாந்தவன் காதெல்லாம் கணக்கில்ல. என் காதைக் கேளு. மணின்னா நாக்கு வந்து உதட்டுல அடிக்கிற சத்தம் முதல்ல வரணும், 'டக்'குன்னு ஒரு கடி. உன்னுது கடிக்கல, பல்லு போன கிழவன் மாதிரி ஊதுது. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் உனக்கு வாய். பேசிக்க."

கஸ்பார் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து திருகினார். பெட்டிக்குள் இன்னொரு ஜோடி ஓசை சும்மா கிடந்தது. அதில் உலுக்குகிறவனை வெறிபிடித்தவன் போல உலுக்கவிட்டு, கண் சிமிட்டும் நேரத்தில் வாயை மூடச் செய்தார். டக். அதன் பின்னாலேயே பழைய டாங். கடி வந்துவிட்டது.

வெள்ளி மாலை ஐந்து மணி. பங்குச் சாமியார் கொடியை மந்திரித்தார். நாலு பேர் கொடிக்கயிற்றைப் பிடித்தார்கள். கஸ்பார் கட்டையை அழுத்தினார். வெறும் கோபுரத்திலிருந்து மணி கொட்டியது. கூட்டம் முழுதும் அண்ணாந்து பார்த்தது. அருள்நாதன் மட்டும் கைகட்டி நின்றார்.

கொடி பத்தடி ஏறியது. அப்புறம் குலுங்கியது. அப்புறம் கம்பத்தில் சுற்றிக்கொண்டு நின்றே விட்டது.

குற்றம் ஓசையில் இல்லை. கஸ்பார் டெலிபோன் அடிப்பது போல ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தார். அந்த நாலு பேரின் கையும் மணிக்குப் பழகிய கை. நீளமான அடிக்கு இழுப்பார்கள், அடுத்து வரும் குட்டை அடிக்குக் கயிற்றை மாற்றிப் பிடிப்பார்கள். எதில் இழுப்பது, எதில் பிடிப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மணியை நிறுத்தவும் முடியாது. கொடி உச்சி தொடும்வரை மணி நிற்கக் கூடாது.  'ஆமா'வும் 'இல்ல'யும் கஸ்பாரின் கண் முன்னால் வந்து நின்றன.

"தள்ளுய்யா!"

இடித்த இடியில் கஸ்பார் ஆசாத்தின் மேல் விழுந்தார். அருள்நாதன் அந்தக் குட்டிக் கட்டையில் ஆள்காட்டி விரலை வைத்தார். வைத்தது விரல்தான், இழுத்தது உடம்பு முழுக்க. முட்டி மடங்கியது, தோள் இறங்கியது, வலக்கை தலைக்கு மேலே போய்த் திரும்பியது. டாங்... டண். டாங்... டண். நாலு பேரின் கையும் ஒன்றானது. கொடி தன்னைத்தானே பிரித்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறி உச்சியில் படபடத்தது. வெடி வெடித்தது. அருள்நாதன் மூச்சு வாங்க விரலை எடுத்தார்.

கஸ்பார் சட்டையைத் தட்டிக்கொண்டே, சாமியாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "பரவாயில்ல மச்சான். மணி இல்லாததால முப்பத்தொண்ணோட உன் கணக்கு நின்னு போச்சு. பாவம்."

"யாரு சொன்னா? முப்பத்திரண்டாவது வருசம். நான்தான் அடிச்சேன். ஊரே பாத்துச்சு."

"எதை அடிச்ச?"

அருள்நாதன் பெட்டியைப் பார்த்தார். சாமியாரைப் பார்த்தார். சாமியார் கொடியைப் பார்த்தார். பழனியம்மாள் யாரையும் விடாமல் பார்த்தார்.

"சொல்லு மச்சான். மணியா, சோப்பு டப்பாவா?"

"மணிதான்யா!" என்றார் அருள்நாதன். பிறகு, சுற்றி நின்றவர்களை முறைத்தபடி, "மஞ்சப்பையிலதான் வந்துச்சு. இப்ப அதுக்கு என்ன?"