எருமையின் வாய்க்கு நான் எழுதாத வசனம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஆசிரியர் நிதானம் இழந்துவிட்டார்" என்று நாளைக்கு யாராவது மதிப்புரை எழுதினால், இழந்த பிறகுதான் எழுதவே உட்கார்ந்தேன் என்பது பதிவில் இருக்கட்டும்.

பிறந்த இடம் அசோக் நகரில் ஒரு டப்பிங் தியேட்டர். காலை பதினொரு மணி. திரையில் ஒரு கார்ட்டூன் எருமை வாயைத் திறந்தது. ஒரு பெரிய நடிகையின் குரல் அரை விநாடி கழித்து வந்தது. எருமை வாயை மூடிய பிறகும் நடிகை பேசிக்கொண்டே இருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த ஆறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஏன் என்னை? நான் வாய்க்கு வசனம் எழுதுகிறவள். தெலுங்கில் ஒருவன் பேசுவான், அவன் உதடு அசைகிற அசைவுக்குத் தமிழ் எழுத வேண்டும். அவன் உதடு ஒட்டுகிற இடத்தில் நம் ஆள் 'ப'வோ 'ம'வோ சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. இதில் நான் கெட்டிக்காரி. தன்னடக்கம் இந்தக் கதைக்கு உதவாது.

இப்போது தொடக்கம்.

"மயிலாப்பூரின் பரபரப்பான காலைப் பொழுதில்—" (வேண்டாம். மயிலாப்பூர் என்றதும் நீங்கள் கோபுரத்தையும் ஃபில்டர் காபியையும் எதிர்பார்ப்பீர்கள். இரண்டும் இந்தக் கதையில் இல்லை.)

"ஜமீலுன்னிசா ஓர் அப்பாவி." (பொய். படித்தால் அவரே வந்து என்னை அடிப்பார்.)

"நான் ஒரு தப்பும் செய்யவில்லை." (இந்த வரியை மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்தேன். காரணம் மூன்றாம் பகுதியில் வருகிறது.)

2

பதினேழு வருடங்களுக்கு முன்னால் ஒரு தொலைக்காட்சியில், ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு குழந்தைத் தொடர் வந்தது. செல்லக்கிளி என்று ஓர் எருமை. லஸ் முனையில் நடுரோட்டில் படுத்திருப்பாள். பள்ளி வேன், தண்ணீர் லாரி, கல்யாண ஊர்வலம், எது வந்தாலும் அவள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போக முடியும். பதில் பிடிக்கவில்லை என்றால் எழுந்திரிக்க மாட்டாள். அவ்வளவுதான் தொடர். இரண்டு வருடம் எழுதினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

செல்லக்கிளிக்குக் குரல் கொடுத்தவர் ஜமீலுன்னிசா, எனக்கு ஜமீலாக்கா. கச்சேரி ரோடு பக்கம் ஒரு சந்தில் வீடு. அதற்கு முன்பும் பின்பும் அவருடைய வேலை, சினிமாவில் கைக்குழந்தைகளுக்காக அழுவது. பிரசவக் காட்சியில் உள்ளேயிருந்து 'வீல்' என்று சத்தம் கேட்டு கதாநாயகன் ஆனந்தக் கண்ணீர் விடுவான் இல்லையா, அந்த 'வீல்' பாதிப் படங்களில் இவர்தான். முப்பது வருடம். ஒரு திரையிலும் அவர் பெயர் வந்ததில்லை. எங்கள் தொடரிலாவது வந்திருக்க வேண்டும். பெயர்கள் ஓடுகிற இடத்தில் பிஸ்கட் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

[குறிப்பு: குழந்தையின் அழுகைக்கெல்லாம் பெயர் போடுகிற வழக்கம் இல்லை என்று தொழிலில் அனுபவமுள்ள ஒருவர் எனக்கு விளக்கினார். வழக்கம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஏன் இல்லை என்றுதான் கேட்டேன்.]

பெரிய திரையில் ஒரு தடவை தன் பெயரைப் பார்க்க வேண்டும். ஜமீலாக்காவுக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான். இந்தக் கதையில் யாருக்கு என்ன போகப்போகிறது என்று நீங்கள் கேட்டால், அதுதான்.

3

தொடரைப் பார்த்து வளர்ந்த சாய்சரண் என்கிற பையன் இப்போது இயக்குநர். செல்லக்கிளியை முழுநீள நகைச்சுவைப் படமாக எடுக்கிறான். கதை வசனம் நான்.

கார்ட்டூன் படத்தில் குரல்தான் முதலில். அதைக் கேட்டுத்தான் வரைகிறவர்கள் வாயை அசைப்பார்கள். அதற்காக யாரையாவது முழுப் படமும் பேசவைத்துப் பதிந்துகொள்வார்கள். பைலட் ட்ராக் என்று பெயர். வரைந்து முடித்ததும் அதை அழித்துவிட்டு, போஸ்டருக்கு உதவும் ஆளைக் கூட்டிவந்து பேச வைப்பார்கள். தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். குழந்தை அழுகைக்கு வந்து போகிறவருக்கு மட்டும் தெரியாது.

நான்தான் போன் செய்தேன்.

"அக்கா, செல்லக்கிளி சினிமாவா வர்றா. உங்க குரல் வேணுமாம். வாங்கோ."

"அரே, நானா? நானே பேசறனா?"

"நீங்களேதான்."

பைலட் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. (நல்லெண்ணத்தில்தான் சொல்லவில்லை என்று ஒரு வாக்கியம் இங்கே இருந்தது. எடுத்துவிட்டேன்.) சொன்னால் வரமாட்டார் என்று பயம். அவர் இல்லாமல் செல்லக்கிளி வரமாட்டாள் என்றும் தெரியும். எனக்கு என் படம் நன்றாக வர வேண்டும். அவ்வளவுதான்.

பதினோரு நாள் வந்து பேசிவிட்டுப் போனார். அவர் கணவர் மெஹபூப் பாஷாவுக்குச் சைதாப்பேட்டையில் வளையல் கடை. வளையல் வாங்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொல்லிவிட்டார்.

4

இப்போது அந்தப் பிசகு. இப்படி ஒரு பிசகு எங்கள் தொழிலில் மட்டும்தான் நடக்கும்.

ஜமீலாக்காவுக்குக் கீழ்வரிசையில் முன்பல் நான்கும் கட்டுப்பல். கொஞ்சம் ஆடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'ஸ்ஸ்' என்று உறிஞ்சி, பல்லை இடத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் பேசுவார். தொடர் நாட்களில் ஒலிப்பதிவாளர் அந்தச் சத்தத்தைப் பொறுக்கி எடுத்துவிடுவார். இது பைலட் ட்ராக். அழியப்போகிற குரலை யார் உட்கார்ந்து சுத்தம் செய்வார்கள்? அப்படியே வரைகிறவர்களிடம் போய்விட்டது.

காதில் ஹெட்போன் மாட்டிய அந்த இளைஞர்கள் அதை நடிப்பு என்று நினைத்தார்கள். ஒவ்வொரு 'ஸ்ஸ்'ஸுக்கும் எருமையின் கீழ்த்தாடையை இடப்பக்கம் இழுத்து, ஒரு கண்ணைப் பாதி மூடி வரைந்தார்கள். நாற்பது பேர், பதினான்கு மாதம், ஓர் ஆடுகிற கட்டுப்பல்லை உயிரைக் கொடுத்து வரைந்திருக்கிறார்கள். படத்திலேயே அதுதான் உச்சக்கட்டச் சிரிப்பு. சும்மா தாடையை இழுத்தாலே தியேட்டர் அதிரும்.

நடிகைக்கு அது வரவில்லை. அவருக்கு எல்லாப் பற்களும் இருந்தன.

5

"மேடம், திருப்பி வரைய டைம் இல்ல. மே மாசம் ரிலீஸ்," என்றான் சாய்சரண். "வாய்க்கு எழுதிக் குடுத்துடுங்க. உங்களால முடியும்."

"இந்த வாய்க்கு ஏற்கெனவே ஒரு குரல் இருக்கே, சாய்."

"தெரியும் மேடம். அதைக் கேட்டுட்டுதான் நான் சின்ன வயசுல சாப்பிடவே செய்வேன். ஆனா போஸ்டர்ல ஜமீலான்னு போட்டா யார் மேடம் வருவா?"

இந்த இடத்தில் அவனை வில்லனாக்க எனக்கு ரொம்ப ஆசை. ஒரு வரியில் முடிகிற வேலை. ஆனால் சொல்லும்போது அவன் தலையைக் குனிந்துகொண்டான். வில்லனுக்கு அது பொருந்தாது. அவனை இந்தக் கதையில் என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எழுதினேன். ஆமாம், எழுதினேன். நான்கு நாள் உட்கார்ந்தேன். 'ஸ்ஸ்' வருகிற இடத்தில் 'இஸ்ஸ்', 'அட', 'ச்சே', 'ஏய்'. தாடை இழுபடும்போது 'ஈ' வருகிற மாதிரி ஒரு சொல். அறுநூறு சொச்சம் இடம். எல்லாம் கனகச்சிதமாக உட்கார்ந்தது. ஒவ்வொன்று உட்காரும்போதும் எனக்குள் ஒரு கர்வம் எட்டிப்பார்த்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. ரோட்டை அகலப்படுத்த இயந்திரம் வருகிறது. ஊரே "எழுந்திரு" என்கிறது. என் வசனம், "இது என் ரோடு. நான் எழுந்திரிக்க மாட்டேன்." பைலட் பதிந்த அன்று ஜமீலாக்கா மைக் முன்னால் தாளைக் கீழே வைத்துவிட்டுத் தானாக ஒன்று சொன்னார்:

"ஸ்ஸ்... நான் இங்க கீறது உன் கண்ணுக்குத் தெரியுதா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. என் வரியை மாற்ற இவர் யார் என்று. "பைலட்தானே மேடம், விடுங்க," என்றான் சாய்சரண். விட்டேன். அந்த வரிக்குத்தான் எருமையின் வாய் அசைகிறது. அதற்கு நான் எழுதியவை:

அ. "இஸ்ஸ்... நான் நகந்தா உன் கடியாரம் நின்னுடுமா இல்லியா? அதை எண்ணிச் சொல்லு."

ஆ. "அட... நான் இந்தத் தெருவோட மகள்னு தெரியுமா இல்லியா? அதை நின்னு கேளு."

இ. "ஏய்... நீ யாரு என்னை—

பொருந்தாமல் போயிருந்தால் எனக்கு வேலை சுலபம். பொருந்திவிட்டன. 'ஆ'வை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். எருமை அதைத்தான் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. ஜமீலாக்கா இருந்த இடமே தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மடிக்கணினியை மூடினேன்.

6

மறுநாள் மதியம் கச்சேரி ரோடு போனேன். மெஹபூப் பாஷா சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"வாங்கம்மா, ரிலீஸ் தேதி சொல்லிட்டாங்களா? அன்னைக்குக் கடைய மூடிடணும்," என்றார், சோற்றில் கையை வைத்துக்கொண்டே.

ஜமீலாக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, படத்துல உங்க குரல் இருக்காது."

"இன்னா சொல்ற?"

"உங்களது பைலட். வரையறதுக்கு மட்டும். வேற ஒரு நடிகை பேசறா."

"எப்பத்துலேந்து?"

"ஆரம்பத்துலேந்தே அப்படித்தான்."

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

(முதல் பிரதியில் இங்கே அவரை அழ வைத்திருந்தேன். அழவில்லை. மற்றவர்களுக்காக அழுதே பழகியவர்.)

"முப்பது வருசமா கொழந்த மாதிரி கத்திக்கினு கீறேன் ரஞ்சனி. பைலட்டுக்கு வாடின்னு நேரா கூப்ட்டிருந்தா வந்திருப்பேன். சந்தோசமா வந்திருப்பேன். நீ மறைச்சே பாரு, அதான் வயிறு எரியுது. அந்தப் பையன் சொல்லல, சரி. நீ சொல்லணும்ல?"

"சொல்லியிருக்கணும். மன்னிச்சுடுங்கோ."

"அத்த அப்பால பாக்கலாம். இப்ப இன்னா வேலையா வந்தே?"

போனில் கடைசிக் காட்சியைக் காட்டினேன், ஒலி இல்லாமல். எருமை தாடையை இடப்பக்கம் இழுத்தது. ஜமீலாக்கா கீரையை அப்படியே போட்டுவிட்டார்.

"யா அல்லா, இது என் பல்லு!"

மெஹபூப் பாஷா எச்சில் கையோடு எழுந்து வந்து பார்த்தார். "அரே, ஜமீலா! நீயேதான்! சண்ட போடறதுக்கு முன்னாடி இப்படித்தான் இழுப்பே!" இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்து முடித்துவிட்டு ஜமீலாக்கா என்னிடம் திரும்பினார்.

"இதுக்கு நீதான் வேற பேச்சு எழுதறியா?"

"ஆமாம்."

"நீ எழுதலன்னா?"

"வேற யாராவது எழுதுவா."

"உன்ன மாதிரி வருமா?"

"வராது. வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமா இருக்கும்."

"பாக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"குழந்தைகளுக்கே தெரியும்."

"அப்ப தெரியட்டும்," என்று சொல்லிவிட்டுக் கீரையை மறுபடி எடுத்துக்கொண்டார்.

7

இனி முடிவுகள். தயாராக இரண்டு இருக்கின்றன.

ஒன்று: நடிகை விஷயத்தைக் கேள்விப்பட்டு, காரைக் கச்சேரி ரோட்டில் நிறுத்தி, "இந்தக் குரல் உங்களுடையது அம்மா" என்று ஜமீலாக்காவின் கையைப் பிடித்துக்கொள்கிறார். (எழுதிப் பார்த்தேன். எனக்கே கண்ணீர் வந்தது. ஏமாற்று வேலை என்று அப்போதே தெரிந்துவிட்டது. கார் நிறுத்த அங்கே இடமும் கிடையாது.)

இரண்டு: நான் எழுதிக் கொடுக்கிறேன். படம் ஓடுகிறது. 'நன்றி' என்ற தலைப்பில் நூறு பெயர்களுக்கு நடுவே பொடி எழுத்தில் 'ஜமீலா' என்று வருகிறது. வாழ்க்கையில் விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். (போக வேண்டாம்.)

நடந்தது இதுதான். நான்கு நாள் எழுதியதை நான் இன்னும் யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை. அன்று மாலையே மொத்தத்தையும் அழித்தேன். சாய்சரணுக்கு மூன்று வரி அனுப்பினேன்: "அந்த வாய்க்குச் சொந்தக்காரர் கச்சேரி ரோட்டில் இருக்கிறார். அவரைப் பெயரோடு கூப்பிடு. நான் எழுதவில்லை."

உடனே கூப்பிட்டான். "மேடம், அப்புறம் படத்துல உங்க பேரும் வராது."

"வர வேண்டாம்."

"வெளியில பேசக்கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க."

"பேச மாட்டேன்." (எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.)

பிறகு, "அவங்க ரொம்ப கோவமா இருக்காங்களா?" என்றான்.

"என்னை ஏன் கேக்கறே? போய் அவரையே கேளு."

போனானா என்று இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது.

8

வக்கீல் நோட்டீஸ் அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதையில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். தொடரின் பெயர் செல்லக்கிளி இல்லை. அந்த மிருகம் எருமையே இல்லை. லஸ் முனையும் இல்லை. சாய்சரணுக்கு வேறு பெயர். நானும் ரஞ்சனி இல்லை. நிரூபிக்க முடிந்தால் நிரூபித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றத்தான் இருந்தேன். அனுமதி கேட்கப் போன் செய்தேன்.

"கதையில உங்க பேரை மாத்திடட்டுமா அக்கா? உங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது பாருங்கோ."

"இன்னா ரஞ்சனி," என்றார், "நீயும் அழிக்கப்போறியா?"

ஆகவே அவர் பெயர் ஜமீலுன்னிசா. ஜ, மீ, லு, ன், னி, சா. அச்சுக் கோப்பவர் ஓர் எழுத்தை விட்டாலும் எனக்குப் பொறுக்காது.

முடிவு என்னிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கார்ட்டூன் படத்துக்குப் போவீர்கள். ஏதோ ஒரு மிருகம் தாடையை இழுத்துப் பேசும். எந்தக் குரல் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கடைசிப் பெயர்வரை இருங்கள். அவர் பெயர் வந்தால் கை தட்டுங்கள். வராவிட்டால், விளக்கு போடுவதற்குள் நீங்களே அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் "யாருங்க அது?" என்று கேட்பார். மீதியை அவரிடம் சொல்லுங்கள்.