கிளிப் போட்ட பூக்கள்

பெரியவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு தொண்டையில் இறங்காது. இந்த முறை அது சொந்தக் கொழுந்தன் மனைவி மேலேயே வந்திருந்தது.

ஓர்ப்படிகள் இருவருக்கும் விதைக் கம்பெனியின் பூசணித் தோட்டத்தில்தான் வேலை. ஆளுக்கொரு வலைக்கூடாரம், கூடாரத்துக்கு ஒரு ரகம். பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. மறுநாள் விரியப்போகிற மொட்டுகளை முந்தின சாயங்காலமே கிளிப் போட்டு மூடிவிட வேண்டும். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்தெறிந்துவிட்டு, பெண் பூவின் நடுவிலிருக்கும் பிசுபிசுப்பான சூல்முடியில் மகரந்தத்தைத் தேய்த்து, திரும்பவும் கிளிப் போட வேண்டும். எந்த அப்பனுக்கு எந்த அம்மா என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும். பெற்றவர்கள்கூடச் சம்பந்தம் பேசும்போது இவ்வளவு கறாராக இருக்க மாட்டார்கள்.

பருவம் முடிந்ததும் ஒருத்திக்கு மட்டும்தான் நிரந்தர வேலை என்று மேலாளர் சொல்லியிருந்தார். பெரியவளின் கணவன் வேலை போய் வீட்டில் முடங்கிக் கிடந்தான். அந்த வேலை தனக்கென்றே அவள் மனசுக்குள் எழுதி வைத்திருந்தாள். அப்புறம்தான் சின்னவள் வந்து சேர்ந்தாள். வந்தவள் சும்மா வராமல் வேகத்தையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"முடிஞ்சிருச்சுக்கா. உங்க பக்கம் வந்து கை கொடுக்கட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். நீ போய்த் தண்ணி குடி."

பெரியவள் பழைய கை. பூவால் தேய்த்த பிறகும் விரலால் ஒரு தடவு தடவினால்தான் அவளுக்குத் திருப்தி. தனக்கே முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது, நேற்று வந்தவள் எப்படி முடிக்கிறாள்? பாதிப் பூவைத் தொடுவதே இல்லை, கிளிப்பைக் கழற்றி மாட்டிவிட்டு வந்துவிடுகிறாள் என்று அவள் தீர்ப்பே எழுதிவிட்டாள். கையும் களவுமாகப் பிடித்தால் போதும்.

அன்று தன் வேலை முடிந்ததும், சின்னவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போன நேரம் பார்த்து, அவள் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்துகொண்டு நுழைந்தாள். அடுத்த கூடாரத்துக்குள் போவதென்றால் வாசலில் இருக்கும் வாளியில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அங்கே நின்று கழுவினால் நாலு பேர் பார்ப்பார்கள். அவள் கழுவவில்லை.

ஒரு பூவின் கிளிப்பைக் கழற்றி நடுவில் விரலை வைத்துப் பார்த்தாள். விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அடுத்த பூவிலும் அப்படித்தான். எல்லாவற்றிலும் மகரந்தம் இருந்தது. இன்னொருத்தியாக இருந்தால் வெட்கப்பட்டுத் திரும்பியிருப்பாள். இவளோ, நான் வருவேன் என்று மோப்பம் பிடித்து இன்றைக்கு ஒழுங்காகச் செய்திருக்கிறாள் என்று நினைத்தாள். அதனால் மறுநாளும் போனாள். பூ நிற்கும்வரை போய்க்கொண்டே இருந்தாள்.

முதலில் முற்றிய காய்களிலிருந்து விதை எடுத்து, ரகம் சுத்தமா என்று பார்க்கத் தட்டுகளில் போட்டார்கள். நாற்று நாலைந்து இலை விட்டதும் மேலாளர் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் சின்னவளின் தட்டு இருந்தது. எல்லா இலையும் வெறும் பச்சையாக இருக்க வேண்டிய இடத்தில், அங்கங்கே சில நாற்றுகளில் வெள்ளி தெளித்த மாதிரி புள்ளிகள்.

"இந்தப் புள்ளி உங்க கூடாரத்துல ஆண் பூ பறிக்கிற செடிக்கு மட்டும்தான் உண்டு," என்றார் பெரியவளிடம். "இவங்க நாத்துல எப்படி வந்துச்சு? பூ பத்தலைன்னு உங்ககிட்ட வந்து பறிச்சாங்களா? மறைக்காம சொல்லுங்க. இன்னைக்கே இவங்க கணக்கை முடிச்சு அனுப்பிடறேன்."

பெரியவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. நான் அப்பவே நினைச்சேன், திருடி. ஆனால் இவள் எப்போது வந்தாள்? ஜிப்பை நான் ஒரு நாளும் திறந்து வைத்ததில்லையே. வலைக்குள் தேனீகூட நுழைய முடியாதே. அப்படி யோசித்துக்கொண்டே கையைப் பிசைந்தவள், தன் விரலைப் பார்த்தாள். பூ நின்ற வரைக்கும் நகக்கண்ணில் மஞ்சள் அப்பியிருந்த விரல் அது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள்.

"நான் எங்கயும் போகலைங்க. வேணும்னா அக்காவையே கேளுங்க. தினமும் என் கூடாரத்துக்கு வந்து பாப்பாங்க. கிளிப் மாட்டுற விதத்துலயே எனக்குத் தெரிஞ்சிரும். நான் புதுசு இல்லையா, தப்பு நடந்துறக் கூடாதுன்னு பாக்குறாங்கன்னு நெனச்சு நிம்மதியா இருந்தேன். நான் ஒழுங்கா தேய்ச்சிருந்தேனா இல்லையா, அவங்களே சொல்லட்டும்."

மேலாளர் பெரியவளின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"மகரந்தம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒரு பூ விடாம இருந்துச்சு."

"கை கழுவிட்டுத்தானே உள்ள போனீங்க?"

பெரியவள் விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். "இல்ல," என்றாள் கடைசியில்.

"அப்ப அந்தப் புள்ளி உங்க கையிலதான் வந்திருக்கு," என்றார் மேலாளர். அவள் கழுத்தில் கிடந்த கம்பெனி அட்டைக்காகக் கையை நீட்டினார். பெரியவள் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சின்னவளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். வெகுளியாகச் சொன்னாளா, தெரிந்தேதான் போட்டுக் கொடுத்தாளா? சின்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகையையும் பெரியவளால் நம்ப முடியவில்லை.