அரைக்கட்டை

வாயில் ஊறவைத்த நாணல் பட்டையை தெல்ஃபீன் சாக்ஸபோனில் பொருத்தித் திருகிக்கொண்டிருந்தபோது தேவாலயத்திலிருந்து அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்றைக்கும் வாசிப்பில் தடுமாறினால் ட்ரெமே தெருவே பார்க்கும்.

"பி ஃபிளாட்டுலயே எடு," என்றார் ட்ரம்பெட் ரோஸ்மாண்ட், அப்பாவின் தம்பி. "இனிமே யாருக்காக ஸ்ருதிய எறக்கணும்? விரலுக்குச் சொகமா வாசிச்சிட்டுப் போவோம்."

"சரி சித்தப்பா."

மூன்று வருடமாக அந்தச் சாவு ஊர்வலப் பாட்டை பேண்டுக்காரர்கள் வசதியான பி ஃபிளாட் ஸ்ருதியில் வாசிக்கவில்லை. எந்த வீட்டுச் சாவென்றாலும் பேண்டுக்கு முன்னால் பாடிக்கொண்டு நடப்பவர் அப்பாதான். நெஞ்சு பழுதானபின் அவருக்கு மேல் ஸ்வரம் எட்டவில்லை. சொன்னால் மனிதர் பாடுவதையே விட்டுவிடுவார். எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு ஸ்ருதியை அரைக்கட்டை இறக்கினார்கள். அப்பாவுக்குத் தெரியவில்லை. "பாத்தியா, குரல் திரும்பிடுச்சு!" என்று தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

பாடுகிறவருக்கு அது அரைக்கட்டை. சாக்ஸபோனுக்கு நரகம். ஒரு ஷார்ப் ஸ்வரம் இருந்த இடத்தில் ஆறு ஷார்ப் ஸ்வரம். மூன்றாவது வரியில் இடது சுண்டுவிரல் ஒரு விசையிலிருந்து அடுத்ததற்கு வழுக்கியாக வேண்டும். அங்கேதான் தெல்ஃபீன் ஒவ்வொரு முறையும் சறுக்குவாள். வரி முடிந்ததும் அப்பா தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார்.

"ஏன்டி, சின்னப் புள்ளைங்க வாசிக்கிற ஸ்ருதி இது. இதுலயுமா?"

ஊரே சிரிக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். போன வாரம் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டும் அதே பேச்சு.

"என்னைப் பொதைக்கிற அன்னிக்காவது ஒழுங்கா வாசி."

யாருக்காக இந்த அவதி என்று கத்திவிடலாம் போலிருந்தது. "சரிப்பா," என்றாள். மறுநாள் போய்விட்டார்.

துணி சுற்றிய டிரம் மந்தமாக ஒலித்தது. பெட்டி வண்டி நகர்ந்தது. பாட இன்று ஆளில்லாததால் முதல் வரி அவளுடையது. மூச்சை இழுத்து ஊதினாள். விரல்கள் போய் விழுந்தது பழைய இடத்தில், அரைக்கட்டை கீழே.

"தெல்ஃபீன்! பி ஃபிளாட்டுன்னேன்!" சித்தப்பா பல்லிடுக்கில் சீறினார்.

அவளுக்கும் தன் விரல்கள்மேல் கோபம்தான். ஆனால் நிறுத்த முடியவில்லை. கொஞ்ச தூரம் இரண்டு ஸ்ருதியும் முட்டிக்கொண்டு நாராசமாகக் கேட்டன. சித்தப்பா முனகிக்கொண்டே இறங்கி வந்தார். அவரைப் பார்த்து டிராம்போனும் இறங்கியது.

மூன்றாவது வரி வந்தது. சுண்டுவிரல் வழுக்கியது. அடுத்த விசையில் சரியாக உட்கார்ந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவை, ஒரு பிசிறு இல்லை. இன்றைக்குப் பார்த்துத்தானா?

வரி முடிந்ததும் அவள் வழக்கம்போல நிமிர்ந்தாள். முன்னால் பெட்டி வண்டி அதே நிதானத்தில் போய்க்கொண்டிருந்தது.