வாக்குமூலத்தில் பெய்த மழை

1
இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் கையெழுத்து. அழகாக இருக்கும். அதை நம்பித்தான் எங்கள் கல்லூரி விடுதியில் துணி துவைக்கும் அக்கா, தன் அகதி மனுவை நல்ல பிரதி எடுத்துத் தரச் சொன்னார். வயது இருபத்தொன்று. என்னைவிட இரண்டே வயது மூத்தவர், தனியாக எல்லை தாண்டி நடந்து வந்தவர். மனுவை ஏற்றால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கல்லூரி மலரின் ஆசிரியர் வேறு, "தைரியம், நம்பிக்கை ரெண்டும் வர்ற மாதிரி ஒரு கதை குடுப்பா. சோகம் அரைப் பக்கத்தத் தாண்டக் கூடாது" என்று கேட்டிருந்தார்.

2
முதல் தொடக்கம்: "அவள் கண்களில் ஆயிரம் கதைகள்..." (அடித்துவிட்டேன். கண்ணில் இருந்தது சோப்புத்தூள்.)

இரண்டாம் தொடக்கம்: "இருளைக் கிழித்துக்கொண்டு எல்லையை..." (பகல் பதினொரு மணிக்குத்தான் தாண்டினாராம்.)

3
அக்கா எழுதியிருந்தது இவ்வளவுதான்: "எல்லையைக் கடந்தேன். செருப்பு அறுந்தது. நடந்தேன்."

எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? "கொட்டும் மழையில்" என்று இரண்டே சொற்கள் சேர்த்தேன். அக்கா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

விசாரணை அதிகாரி நேராக அங்கேதான் விரலை வைத்தார். "வந்த அன்னிக்கு நீங்க குடுத்த வாக்குமூலத்துல மழையே இல்லையேம்மா?"

(இங்கே கதாநாயகி அழ வேண்டும். மூன்று பிரதிகளில் அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

மறந்துட்டேன் சார் என்று அக்கா ஒப்பேற்றியிருக்கலாம். சொன்னது: "மழை இல்ல சார். நல்ல வெயில். மழை, எழுதிக் குடுத்த பையன் போட்டது. கதை எழுதுவான்."

"அவனக் கூட்டிட்டு வாங்க."

4
"எழுத்தாளரே, நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்துரு."

"எதுக்குக்கா?"

"மழைய நிறுத்தறதுக்கு."

(அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: இந்த வரி என்னுடையதல்ல. இதைவிட நல்ல வரி இந்தக் கதையில் இல்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது.)

5
"மழை என் கற்பனை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"வேற ஏதாவது சேத்திருக்கியா?"

"கடைசிப் பக்கத்துல ஒரு பறவை, சார்."

அக்கா திரும்பினார். "பறவை வேறயாடா?"

பறவையையும் அடித்தார்கள். முடிவு பதினைந்து நாளில் தபாலில் வரும் என்றார்கள். திரும்பும் வழியில் அக்கா கடைக்குள் நுழைந்து ஒரு மின்சாரக் கெண்டி வாங்கினார்.

"பதினஞ்சு நாள்ல உங்களத் திருப்பி அனுப்பிட்டா இது எதுக்குக்கா?"

"ரெண்டு வருஷம் வாரண்டிடா. ரிப்பேரானா நான்தானே வந்து மாத்தணும்?"

வாரண்டி அட்டையை மனுவின் நகலோடு சேர்த்துப் பின் போட்டுக்கொண்டார்.

6
மலர் ஆசிரியர் நம்பிக்கையூட்டும் முடிவு கேட்கிறார். அக்காவின் வாழ்க்கையில் நான் ஒருமுறை கைவைத்தது போதும். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டாமல் எங்கேயும் அனுப்பாதீர்கள்.

இன்று பதின்மூன்றாம் நாள். தபால்காரர் வந்துபோய்விட்டார். வெளியே மழை கொட்டுகிறது. நிஜமாகவே கொட்டுகிறது. நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், அக்காவையே கேளுங்கள்: கொடியில் நனையும் துணிகளை எடுக்காமல், நின்ற இடத்திலேயே உறையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.