தனிக் கார்டு

“அப்போ இந்த கிராபிக்ஸ் கார்டு பூட்டுச்சுன்னா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வராது. பரவால்லையா?”

“ஏன் போகணும்? புதுசுதானே தரேள்?” என்றாள் மானசா.

“புதுசுதாம்மா. சொல்றது என் கடமை. கிராபிக்ஸ் கூடவே வர்ற போர்டு எடுத்துகினா, ஆத்திர அவசரத்துக்கு ஒயரை அதுல மாத்திக்கலாம். நீ அது இல்லாத போர்டு கேக்குற.”

செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்தது தனகோடியின் கம்ப்யூட்டர் கடை. மானசாவின் அப்பா சாரங்கபாணி இரும்பு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கேட்டதையே திரும்பக் கேட்டார்.

“கூடவே வரதுன்னா அதையே வாங்கிடலாமே. தனியா ஒரு கார்டு எதுக்கு?”

“சார், போர்டுல கீறது லெட்டர் அடிக்க, சீடி போட்டுப் படம் பாக்க. கேம் போட்டா நொண்டி அடிக்கும். பந்தலை ஜோரா போட்டு பந்தியில வெறும் மோர்சோறு வச்சா, பையன் வூட்டுக்காரன் எழுந்து போய்டுவான் இல்ல?”

சாரங்கபாணி சிரிக்கவில்லை. அவர் வீட்டுப் பையனே எழுந்து போனவன்தான்.

போன வருஷம் கேம் கேம் என்று கிடந்த மகன் ஹர்ஷாவுக்கு அரியர் மேல் அரியர் விழுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்குள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டினார் அப்பா. திரை இருண்டு போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றான் ஹர்ஷா. பிறகு பையை எடுத்துக்கொண்டு படூரில் நண்பனின் அறைக்குப் போனவன், தீபாவளிக்குக்கூட வரவில்லை. தங்கையை மட்டும் அவ்வப்போது கல்லூரி வாசலில் பார்ப்பான். அப்பாவே கடைக்கு வந்து புதிதாக ஒன்று வாங்கப்போகிறார் என்று அவள் சொன்னபோது, நம்பாமல் சாலையையே பார்த்தான். “கேம் ஓடினா ஆத்துல இருக்கேன். இல்லேன்னா வந்த பஸ்லயே திரும்பிடுவேன்.”

ஆகவே ஓட வேண்டும். பிராசசரில் ஒரு படி கீழே இறங்கினாள். ஹார்டு டிஸ்க்கைப் பாதியாக்கினாள். அன்றைக்குத் தண்ணீர் படாமல் தப்பிய பழைய மானிட்டரே போதும் என்றாள். கரண்ட் கொடுக்கும் பெட்டியில் கை வைக்கப் போனபோது மட்டும், “அதுல கஞ்சத்தனம் காட்டாதம்மா, மொத்தத்தையும் சுட்ரும்” என்று தடுத்தான் தனகோடி. எல்லாவற்றிலும் சுரண்டியதைக் கார்டில் போட்டும் துண்டு விழுந்தது. அதை கிராபிக்ஸ் இல்லாத மலிவு போர்டில்தான் பிடிக்க முடியும்.

“உனக்குத் தெரியும்னா சரி” என்றார் அப்பா. மறுத்திருந்தால் வாதாடியிருக்கலாம்.

மாட்டி முடித்து ஒரு விளையாட்டை ஓட்டிக் காட்டினான் தனகோடி. மழையில் நனைந்த ஒரு தெரு திரையில் விரிந்தது. குட்டையில் விளக்குகள் நடுங்கின. யாரும் இல்லாத ஊர். அதற்குள் நடந்து போய்விடலாம்போல இருந்தது மானசாவுக்கு. அப்பாவும் வாய் திறந்து பார்த்தார்.

பஸ்ஸில் அப்பா பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டார். “கீழ வையி சாமி, யாரும் தூக்கினு ஓட மாட்டாங்க” என்றார் கண்டக்டர். அப்பா காதில் வாங்கவில்லை. மாமல்லபுரம் தாண்டிச் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் விட்டுவிட்டுத் தெரிந்தபோது, “அந்தக் கார்டு இதுல எங்க இருக்கு?” என்று கேட்டார்.

அவள் தகரத்தின் மேல் விரலால் தொட்டுக் காட்டினாள். “எல்லாம் இதுலதான்பா இருக்கு.”

அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். திருவிடந்தையில் இறங்கும்வரை எடுக்கவில்லை.

வீட்டில் மேஜைமேல் வைத்து ஒயர்களைச் செருகினாள். சாயங்காலம் அண்ணா வந்ததும் உள்ளே இருப்பதைத் திறந்து பார்ப்பான் என்று, பெட்டியின் பக்கக் கதவைத் திருகு முடுக்காமல் விட்டாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டில் நீள ஒயர் ஒன்று கடன் வாங்கிக்கொண்டு மானசா திரும்பினாள். சுவிட்சைப் போட்டாள். பெட்டிக்குள் விசிறி சுழன்றது. மானிட்டரின் பச்சை விளக்கு ஒருமுறை மின்னி மஞ்சளானது. திரை வரவில்லை.

முதலில் சந்தன வாசனை வந்தது. அதன் பின்னாலேயே, கருகல்.

சுவிட்சை அணைத்துப் பக்கக் கதவைக் கழற்றினாள். கார்டின் முதுகில், ஈயப் புள்ளிகள் நெருங்கியிருந்த இடத்தில், கட்டை விரலால் இழுத்த சந்தனம். நடுவில் குங்குமம். பெருமாளுக்கு அரைக்கிற பதம், இளக்கமானது. அது வழிந்து ஸ்லாட்டுக்குள் இறங்கியிருந்தது.

சாரங்கபாணி வட்டிலோடு நிலைப்படியில் நின்றார். கோயிலுக்குச் சந்தனம் அரைத்துக் கொடுப்பது அவருடைய கைங்கர்யம். வீட்டுக்கு வரும் எந்தப் பொருளும் அவர் விரல் சந்தனம் படாமல் ஓடியதில்லை, மிக்ஸி உட்பட.

“வெளியில தகரத்துக்கு இட்டு என்ன பிரயோஜனம்னு... எல்லாம் அதுலதான் இருக்குன்னியே.”

அவள் கார்டைப் பிடுங்கித் துணியால் ஒற்றினாள், ஊதினாள், வெயிலில் காட்டினாள். மறுபடி செருகிப் போட்டாள். விசிறி சுழன்றது, அவ்வளவுதான். இன்னொரு போர்டாக இருந்தால் இந்நேரம் ஒயரை மாற்றி, திரையையாவது வரவழைத்திருப்பாள். பெட்டியின் பின்புறம் கை தானாகவே போய்த் தடவியது. அந்த இடத்தில் துளையே இல்லை.

கோவளம் பக்கமிருந்து வந்த பஸ் சாலையில் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. அப்பா வட்டிலை வேட்டிக்குப் பின்னால் மறைத்தார். மறைத்த கையில் விரலெல்லாம் மஞ்சள்.

“அவன் நம்ப மாட்டான், மானசா. அன்னிக்கு மாதிரி இதையும் வேணும்னே பண்ணினேன்னுதான் நினைப்பான்.”

வாசல் கேட்டின் கொக்கி விழுந்தது. செருப்பைக் கழற்றும் ஓசை.

“நீ இட்டதுன்னு சொல்லிடறியாம்மா?”

மேஜைமேல் பெட்டியின் விசிறி மட்டும் நிற்காமல் சுழன்று, சந்தன வாசனையை வாசல் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.