ஐந்தாவது மாடி லண்டன்

முருகையா லண்டனுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. அங்கே குளிர் எலும்பைத் தின்கிறதாம், பஸ்ஸெல்லாம் சிவப்பாம், மகன் தேவன் அப்பாவை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லையாம். இத்தனையையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பும்போது மனுஷன் உட்கார்ந்திருந்த இடம் சிரம்பான் பக்கத்திலிருக்கிற புக்கிட் பெலண்டோக் எஸ்டேட். தங்கச்சி பஞ்சாலையின் வீட்டுக் கொல்லையில், வாத்துக் கூண்டுக்குப் பக்கத்தில், கைலியும் பனியனுமாக, வேர்த்து வழிந்துகொண்டு.

முழுத் தப்பையும் அவர் தலையில் கட்டிவிட முடியாது. முப்பது வருஷம் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஒரு காரியத்தை எடுத்தால் கடைசி ஆணிவரை அடித்து முடிக்கிற ஆள். ஆறு மாதம் மகனோடு இருக்கலாம் என்று முடிவானதுமே, சிரம்பானில் தான் வாடகைக்கு இருந்த ஐந்தாவது மாடி வீட்டை, வீட்டுக்காரத் தவுக்கேயிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சோபா, பிரிட்ஜ், கட்டில், கரண்டி சகிதம் மோகனா என்ற கிளினிக் நர்சுக்கு உள்வாடகைக்கு விட்டார். சும்மா விட்டாரா? வீடு முழுக்கச் சிவப்பு மையில் சீட்டு எழுதி ஒட்டினார். ‘சோபா பிளாஸ்டிக்கைக் கழற்றக் கூடாது.’ ‘ஏர்கான் 24க்குக் கீழே போகக் கூடாது.’ வாசல் கதவின் உள்பக்கம் எல்லாவற்றையும்விடப் பெரிய சீட்டு: ‘உறவினர், நண்பர் வந்து தங்கக் கூடாது. வீடு சின்னது.’

அப்புறம் ஊரைக் கூட்டி விருந்து வைத்தார். மாலையெல்லாம் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தார். விமானம் ஏற நாலு நாள் இருக்கும்போது தேவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ‘பா, இப்ப வசதிப்படாது. வீடு சின்னது. அடுத்த வருஷம் பாப்போம்லா.’

அடுத்த வருஷமாம்! முருகையா அதைப் பதினெட்டு தடவை படித்தார். அழுதார், நிஜமாகவே அழுதார். பெற்ற பிள்ளை வராதே என்று சொல்லிவிட்டான் என்பது வெளியே தெரிந்தால் அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சிரம்பானில் நடப்பது? ஒரு ஈ காக்காய்க்கும் இது தெரியக்கூடாது என்று முடிவு பண்ணினார். குறித்த நாளில் பெட்டியோடு டாக்சி ஏறி ஏர்போர்ட்டில் இறங்கி, வழியனுப்ப வந்தவர்களுக்கெல்லாம் கையை ஆட்டிவிட்டு, இன்னொரு டாக்சி பிடித்து நேரே தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதில் மாட்டிக்கொண்டது ஒரு பிஸ்கட் டின். நம்ம ஆள் ஒருத்தர் வெளிநாடு போகிறார் என்றால் போதும், அங்கே இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் இவர்தான் போஸ்ட்மேன். விருந்துக்குக் கோலா கிளாவாங்கிலிருந்து பெர்னதெத் வந்திருந்தாள். முருகையாவின் கூட்டாளி மைக்கல்ராஜின் மனைவி. அவர் தவறி ஆறு வருஷமாகிறது. ஒரே மகள் நட்டாலி லண்டனில் நர்ஸ். “அண்ணே, இதை அவ கையில குடுத்துடுங்க” என்று டின் நிறைய முறுக்கு தந்தாள். மூடியில் மைக்கல்ராஜ் தன் பேரை ஆணியால் பெரிசாகக் கீறி வைத்திருந்தார்.

முதல் வாரம் முருகையா டின்னைத் தொடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. “நமுத்துப் போயிரும்ணே” என்றாள் பஞ்சாலை. ஒன்று எடுத்தார். அப்புறம் இன்னொன்று. டின் காலியானதும் பஞ்சாலை அதில் வாத்துத் தீனி போட்டு வைத்தாள்.

மூன்றாவது வாரம் பெர்னதெத் கேட்டாள்: ‘குடுத்தீங்களாண்ணே?’

‘கையிலேயே குடுத்தேன்மா. புள்ள கொஞ்சம் இளைச்சிருக்கு’ என்று தட்டிவிட்டு, வானம் இடிந்து தலையில் விழுவதற்காகக் காத்திருந்தார். மறுநாள் பதில் வந்தது. ‘முறுக்கு கிடைச்சுதாம். ரொம்ப ருசியாம். அங்கிளுக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னா.’

முருகையா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். முறுக்கு இங்கேதானே இருக்கிறது! “எப்படிலா இது?” என்று தங்கச்சியைக் கேட்டார். “நல்ல புள்ள, உன்னைக் காட்டிக்குடுக்கல” என்றாள் அவள். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் துணிச்சல் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நட்டாலி தன்னைப் பார்க்க வருவதாகவும், தான் ரசம் வைத்துப் போடுவதாகவும் எழுத ஆரம்பித்தார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மோகனாவின் மெசேஜ் வந்தது. ‘அங்கிள், பாத்ரூம்ல தண்ணி ஒழுகுது. கீழ் வீட்டுக்காரர் சத்தம் போடுறார். நான் டியூட்டில இருக்கேன், வீட்ல கூட்டாளிதான் இருக்கா. தவுக்கேவைக் கூப்பிடவா?’

கூட்டாளியா? சீட்டைப் படிக்கவில்லையா இவர்கள்! தவுக்கே வந்தால் சுவரையே இடித்துப் போடுவான். அந்த வால்வை இடதுபக்கம் திருப்பி ரெண்டு தட்டு தட்ட வேண்டும், அது முருகையாவுக்கு மட்டும்தான் தெரியும். ‘வேணாம், என் சிநேகிதர் ஒருத்தர் வருவார்’ என்று லண்டனிலிருந்து பதில் போட்டுவிட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, பஞ்சாலையின் மோட்டார் சைக்கிளில் ஏறித் தன் சிநேகிதராகத் தானே சிரம்பானுக்குப் போனார்.

கதவைத் திறந்தது துடைப்பமும் கையுமாக ஒரு பெண். “வாங்க அங்கிள், தண்ணி இந்தப் பக்கம்.” முருகையா கறுப்புக் கண்ணாடியை இறக்கி அவளை இன்னொரு தடவை பார்த்தார். போய் வால்வைத் திருப்பினார், தட்டினார், ஒழுக்கு நின்றது. அதற்கு மேல் முடியவில்லை. முகக்கவசத்தைக் கீழே இழுத்தார்.

“நட்டாலி! நீ லண்டன்லல்ல இருக்கே?”

துடைப்பம் கீழே விழுந்தது. “நீங்களும் அங்கதானே அங்கிள் இருக்கீங்க?”

ரெண்டு பேரும் ஈரத் தரையில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அவள்தான் பேசினாள். அங்கே ஒரு குட்டி அறையில் பேசக்கூட ஆளில்லாமல் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததாம், வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாளாம். “அம்மா சர்ச் முழுக்கப் பெருமையா சொல்லி வச்சிருக்காங்க. எப்படிப் போய் நிக்கிறது? உங்க வீடு காலின்னு அம்மாதான் சொன்னாங்க. மோகனா என் ஸ்கூல்மேட், அவளை வாடகைக்கு எடுக்கச் சொல்லி நானும் வந்து ஒண்டிக்கிட்டேன். நீங்க அங்க, நான் இங்க, மாட்டவே மாட்டேன்னு நெனச்சேன்.”

“அப்ப முறுக்கு?”

“கையில குடுத்தேன்னு சொன்னீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீங்க தின்னுட்டீங்கன்னு. கிடைக்கலன்னு நான் சொன்னா அம்மா உங்களைப் பிடிப்பாங்க. நீங்க பயந்துபோய் என்னை லண்டன் பூரா தேடுவீங்க. எனக்குத்தானே வம்பு?” பிறகு மெதுவாகக் கேட்டாள். “நீங்க ஏன் அங்கிள் போகல?”

ஒரு நல்ல பொய்யாகச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார். வந்தது என்னவோ, “வேணாம்னுட்டான்மா.” சொல்லிவிட்டு, நின்றுபோன வால்வை இன்னொரு தட்டு தட்டினார். அவள் குனிந்து துடைப்பத்தை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அம்மா. வீடியோ கால். கூடவே மெசேஜ்: ‘இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அங்கிள் உன்கூடதான் இருப்பாரு. ரெண்டு பேரையும் பாக்கணும்.’

“எடுக்காதே!”

“எடுக்கலன்னா விடமாட்டாங்க அங்கிள்!”

அடுத்த ஒரு நிமிஷம் அந்த வீடு பட்ட பாடு! ஜன்னல் திரையை இழுத்தாள். இவர் ஏர்கானைப் பதினாறுக்குத் தட்டினார், தன் சீட்டைத் தானே மீறினார். போர்வையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு சோபாவில் ஒட்டி உட்கார்ந்தார்கள். சோபாவில் பிளாஸ்டிக்கைக் காணோம். அதைக் கேட்க இப்போது நேரமில்லை.

“குட் மார்னிங்மா” என்றார் முருகையா. இங்கே சாயந்தரம் நாலு மணி, கிராணிக்குக் கணக்குத் தப்புமா?

“குளிர் எப்படிண்ணே?” என்றாள் பெர்னதெத்.

“தாங்கலம்மா. வெளியே பனி கொட்டுது.”

கீழே ரோட்டில் லோரி ஒன்று வந்து நின்றது. ஒலிபெருக்கி வீடே அதிர அலறியது. ‘சூராட் காபார் லாமா... பேப்பர் லாமா...’ நட்டாலி இருமினாள். முருகையா அதைவிடச் சத்தமாக இருமினார். லோரி நகருவதாக இல்லை.

“லண்டன்லயும் பழைய பேப்பர் லோரி வருதாண்ணே?”

“வருதும்மா. நம்ம ஆளு ஒருத்தர்தான் ஓட்டுறார்.”

பெர்னதெத் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். “போன வாரம் பஞ்சாலை ஸ்டேட்டஸ்ல வாத்துக்குத் தீனி போடுற படம் போட்டிருந்தா. அவ கையில என் வீட்டுக்காரர் பேரு போட்ட டின்னு. டின்னு ஃபிளைட் ஏறல, நீங்களும் ஏறலன்னு தெரிஞ்சுபோச்சு. வராத முறுக்கை இவ ருசியா இருந்துச்சுங்கிறா. அப்ப இவ எங்க இருக்கான்னு ஒரு வாரமா தூக்கமில்லண்ணே எனக்கு.” மகளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஏன்டி, சர்ச்ல நாலு பேருகிட்ட பீத்திக்கிட்டேன்னா, அதுக்காக வீட்டுக்கு வராம இருப்பியா? அவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ வாடி.”

நட்டாலி போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். முருகையா மெதுவாகப் படத்தைவிட்டு நழுவப் பார்த்தார்.

“எங்க ஓடுறீங்க? நீங்களும்தான்ணே. ஏன் போகலன்னு நான் கேக்கப் போறதில்ல. மீதி நாலு மாசமும் இங்க வந்து இருங்க. வீடு சின்னதுதான். ஆனா ஒரு ஆளுக்குப் பாய் விரிக்க எடமில்லாமலா போச்சு?”

முருகையா சரியென்று தலையை ஆட்டினார்.

“டின்னைக் கழுவிக் கொண்டாங்க” என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

நட்டாலி துணிகளைப் பையில் போட உள்ளே போனாள். செருப்பை மாட்டிக்கொள்ள வாசலுக்கு வந்த முருகையாவின் கண்ணில் கதவுச் சீட்டு பட்டது. ‘வீடு சின்னது.’ தன் கையெழுத்துதான், தன் சிவப்பு மைதான். படித்தார். நகத்தைக் கொடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். அது நல்ல பசை, லேசில் வரவில்லை.

“பெயிண்டும் சேர்ந்து வருது அங்கிள்” என்றாள் பின்னாலிருந்து நட்டாலி. “தவுக்கே கத்துவான்.”

“கத்தட்டும்லா” என்றார் முருகையா, சுரண்டிக்கொண்டே.