ராஜிக் காகிதம்

செய்யாத திருட்டுக்காக எட்டு மாதம் கோர்ட் படி ஏறி இறங்கியவன் நான். ஏசி மெக்கானிக். ஒரு வீட்டுப் படுக்கையறையில் ஏசியைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் வீட்டுக்காரர் போனில், "தண்ணி சொட்டுது, வந்து சும்மா பாத்துட்டுப் போ" என்றார். போய்ப் பார்த்தேன். "சொட்டுறது ஏசி இல்ல சார், உங்க மேல்தளம்" என்று அவர் விருந்தாளிகள் முன்னாலேயே சொல்லித் தொலைத்தேன். ஒரே வாரத்தில் போலீஸ் வந்தது. அலமாரியில் இருந்த தங்கச் சங்கிலியை நான் எடுத்துவிட்டேனாம்!

கம்பெனி என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டது. தெருவில் நடந்தால் ஆளாளுக்கு ஒரு பார்வை. சீ, என்ன பிழைப்பு! "இவன் எடுக்கவில்லை" என்று நீதிபதி வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

எட்டாவது மாதம் கோர்ட் வராந்தாவில் மச்சான், என் மனைவியின் அண்ணன், ஒரு காகிதத்தோடு ஓடி வந்தார்.

"மாப்ள, அந்த வீட்டுக்காரன் சமாதானமா ராஜி பேசி முடிக்க ஒத்துக்கிட்டான். இன்னையோட தலைவலி விட்டுச்சு. போடு கையெழுத்த."

"நான் எதுக்கு மச்சான் ராஜியாகணும்? நான் என்ன பண்ணேன்?"

"வீம்பு பிடிக்காத. நாளைக்கே வேலைக்குப் போகலாம்ல?"

வேலை என்றதும் மனசு இளகிவிட்டது. படிக்காமலே போட்டேன். வாடிக்கையாளர்களிடம் "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து போடுங்க" என்று நாளெல்லாம் கத்துகிற முட்டாள்!

பதினைந்து நாள் கழித்து ஒல்லி மூச்சிரைக்க வந்தான். எங்கள் கம்பெனியில் வாஷிங் மெஷின் பார்ப்பவன். மெஷினுக்குள் காசோ நகையோ கிடைத்தால் சர்வீஸ் சீட்டில் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவது அவர்கள் வழக்கம். வேலையை விட்டுப் போன ஒருவனுடைய சீட்டுகளை அடுக்கும்போது இது கிடைத்ததாம். அதே வீடு. "ஃபில்டரில் தங்கச் சங்கிலி. ஒப்படைக்கப்பட்டது." கீழே அந்த ஆளின் கையெழுத்து. தேதி, புகார் கொடுத்ததற்கு இரண்டு நாள் முன்பு.

"சங்கிலிய கையில வெச்சுக்கிட்டே புகார் குடுத்திருக்கான்டா, பாவி!" என்றான் ஒல்லி.

சீட்டோடு புதிதாக ஒரு வக்கீலம்மாவிடம் ஓடினேன். அவர் முகம் மலர்ந்தது.

"பொய்னு தெரிஞ்சே, பகையில குடுத்த புகார். தாராளமா நஷ்டஈடு கேக்கலாம். கேஸ் எப்படி முடிஞ்சுது? விடுதலைதானே?"

"ராஜிங்க."

கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அடடா! கேஸ் உங்க பக்கம் ஜெயிச்சில்ல முடிஞ்சிருக்கணும்? ராஜின்னா ரெண்டு பேரும் விட்டுக்குடுத்ததா ஆயிரும்." நான் நீட்டிய நகலைப் படித்தார். "போதாததுக்கு, இனிமே ஒருத்தர் மேல ஒருத்தர் எந்த வழக்கும் போடமாட்டோம்னு வேற எழுதிக் குடுத்திருக்கீங்க. யாரு தம்பி இத எழுதினது?"

நேராக வீட்டுக்கு வந்தேன். "உங்கண்ணன் அவசரத்துல என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டாரு!" என்று சீட்டை மனைவியிடம் கொடுத்தேன். அவள் தேதியை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை படித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நீங்க எடுக்கவே இல்லியா?" என்றாள். "ஜெயில்ல போட்டுருவாங்களேன்னு நான்தாங்க அண்ணன ராஜி பேசச் சொன்னேன்."